மூன்று பிளஸ் போட்டால் போதுமா? நொச்சியில் இருக்கும் ஃபிளேவனாய்டு எது என்று கண்டுபிடிக்கும் கதை

போன மழைக்காலத்தில் வீட்டில் எல்லோருக்கும் சளி. அம்மா வழக்கம்போல் நொச்சித் தழையைப் பறித்துவரச் சொல்லி, பானையில் போட்டுக் கொதிக்கவைத்து, ஒவ்வொருவராகப் போர்வைக்குள் தள்ளி ஆவி பிடிக்கவைத்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து அக்கா மகன் வந்தான். சேலத்தில்தான் எம்.எஸ்சி. வேதியியல் படிக்கிறான், புராஜெக்டும் நொச்சி இலைதான். கையோடு கொண்டுவந்த அட்டவணையைக் காட்டினான், இலையில் எந்த வகைச் சேர்மம் எவ்வளவு தெரிந்தது என்பதற்குப் பிளஸ் குறிகள் போட்டது. ஆல்கலாய்டு ஒரு பிளஸ், டானின் இரண்டு பிளஸ், ஃபிளேவனாய்டு மூன்று பிளஸ்.

"மாமா, மூணு பிளஸ் வந்திருக்கு. நல்ல ரிசல்ட்தானே?"

"எந்த ஃபிளேவனாய்டுடா?"

"ஃபிளேவனாய்டுதான் மாமா."

அவனைக் குறை சொல்ல முடியாது. நானும் ஒரு காலத்தில் இதே மாதிரி மூன்று பிளஸ் போட்டு, அதை ஸ்பைரல் பைண்டிங் செய்து, கையெழுத்து வாங்கி வெளியே வந்தவன்தான். ஆனால் 'இந்தத் தெருவில் ஆட்கள் இருக்கிறார்கள்' என்பதும் 'மூன்றாவது வீட்டில் இன்னார் இருக்கிறார்' என்பதும் ஒன்றல்ல இல்லையா? மூலிகை பற்றி நாம் படிக்கிற செய்திகளில் பாதி முதல் வகைதான். இரண்டாவது வகைக்குப் போய்ச் சேர என்னென்ன செய்ய வேண்டியிருக்கிறது என்பதைத்தான் அன்று அவனுக்குச் சொன்னேன், இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் ஃபிளேவனாய்டு என்றால் என்ன? லத்தீனில் ஃபிளேவஸ் என்றால் மஞ்சள், பெயர் அதிலிருந்து வந்தது. பதினைந்து கார்பன் அணுக்கள் கொண்ட ஒரு எலும்புக்கூடு: பக்கத்துக்கு ஒன்றாக ஆறு கார்பன் கொண்ட இரண்டு வளையங்கள், நடுவில் அவற்றை இணைக்கும் மூன்று கார்பன்கள். இந்த எலும்புக்கூட்டில் எந்த இடத்தில் ஹைட்ராக்சில் (ஆக்சிஜன்-ஹைட்ரஜன் ஜோடி) இருக்கிறது, எங்கே மெத்தாக்சி (அந்த ஹைட்ரஜனுக்குப் பதில் ஒரு மெத்தில்) இருக்கிறது, எங்கே சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்பதைப் பொறுத்து ஆயிரக்கணக்கான சேர்மங்கள். முருங்கைக்கீரையில் இருக்கும் குவர்செட்டினும் ஆரஞ்சுத் தோலில் இருக்கும் ஹெஸ்பெரிடினும் ஒரே குடும்பம், ஆனால் குணம் வேறு, கரையும் திரவம் வேறு. 1936-இல் ஆல்பர்ட் சென்ட்-ஜியார்ஜி எலுமிச்சையிலிருந்தும் மிளகாய் வகையிலிருந்தும் எடுத்த ஒரு சரக்குக்கு 'வைட்டமின் பி' என்று பெயர் வைத்தார் (பி காம்ப்ளெக்ஸ் பி இல்லை, இது ஆங்கில அகரவரிசையில் ஓவுக்கு அடுத்து வருகிற எழுத்து). அடுத்த ஆண்டே அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது, அது வேறு வேலைக்காக. அவர் எடுத்தது ஒரே பொருள் அல்ல, பல ஃபிளேவனாய்டுகளின் கலவை. வைட்டமின் என்ற பட்டமும் பிற்பாடு பறிபோனது. கலவையை ஒரு பொருளாக நினைத்துப் பெயர் சூட்டும் பழக்கம் நோபல் வாங்கியவரையே விடவில்லை என்றால் எம்.எஸ்சி. மாணவனை எப்படி விடும்?

அந்த மூன்று பிளஸ் எப்படி வருகிறது என்று பார்ப்போம். இலையை மெத்தனாலில் ஊறவைத்து வடித்த சாற்றில் ஒரு துண்டு மக்னீசியம் ரிப்பனைப் போட்டு அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டால் இளஞ்சிவப்போ கருஞ்சிவப்போ வரும். ஷினோடா என்ற ஜப்பானியரின் பெயரில் வழங்கும் சோதனை இது. அழகான சோதனை, ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். பிரச்சினை என்னவென்றால் சாற்றில் ஆந்தோசயனின் (பூ, பழங்களின் சிவப்பு, ஊதா நிறமி) இருந்தால் மக்னீசியமே இல்லாமல் அமிலம் பட்டாலே சிவக்கும், அதனால் மக்னீசியம் போடாத இன்னொரு குழாயையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். நிறைய பேர் வைப்பதில்லை. இன்னொரு பக்கம், சால்கோன் போன்ற சில வகைகள் இருந்தும் நிறம் வராது. ஆக பிளஸ் என்றால் இருக்கிறது என்றும் மைனஸ் என்றால் இல்லை என்றும் உறுதியாகச் சொல்ல முடியாது. பிளஸ் எத்தனை என்பதை அன்றைக்குப் பார்த்தவர் கண்தான் முடிவு செய்கிறது.

அதைவிடக் கொஞ்சம் கௌரவமாகத் தெரிவது 'மொத்த ஃபிளேவனாய்டு அளவு'. சாற்றில் அலுமினியம் குளோரைடைக் கலந்து, வரும் மஞ்சள் நிறத்தை 415 நானோமீட்டர் அலைநீள ஒளியில் அளந்து, கிராமுக்கு இத்தனை மில்லிகிராம் குவர்செட்டினுக்குச் சமம் என்று எழுதுவார்கள். அலுமினியம் போய் ஃபிளேவனாய்டின் நடு வளையத்தில் நான்காம் இடத்துக் கீட்டோனையும் (கார்பனோடு இரட்டைப் பிணைப்பில் நிற்கும் ஆக்சிஜன்) பக்கத்து ஹைட்ராக்சிலையும் சேர்த்துப் பிடித்துக்கொள்வதால் வருகிற நிறம் அது. (நம்ம ஏற்காட்டு மலை உச்சியில் கிடைப்பதே பாக்சைட், அதாவது அலுமினியத் தாது. அங்கேயிருந்து வெட்டி மேட்டூருக்குக் கொண்டுபோய் உருக்கிய காலம் உண்டு. மலையில் முளைக்கிற செடிக்குள் இருப்பதைப் பிடிக்க அந்த மலையின் உலோகமே உதவுகிறது என்பது எனக்கு எப்போதும் ஒரு சின்னச் சந்தோஷம்.) ஆனால் அதே ஏற்காட்டு ஆரஞ்சின் தோலை இந்தச் சோதனைக்குக் கொடுத்தால் பாவம், குறைவாகக் காட்டும். ஹெஸ்பெரிடின் ஃபிளேவனோன் வகை, அலுமினியத்தோடு சேர்ந்தாலும் 415-இல் பெரிதாக ஒளியை உறிஞ்சாது. ஒரு எண் கிடைத்துவிட்டது என்பதால் ஒரு பொருள் கிடைத்துவிட்டது என்று ஆகாது.

சரி, பிரித்து எடுக்கும் வேலைக்கு வருவோம். அது ஆய்வகத்தில் தொடங்குவதில்லை, செடி நிற்கிற இடத்தில் தொடங்குகிறது. அக்கா மகன் இலை பறித்தது திருமணிமுத்தாற்றங்கரையில் ஒரு புதரில். நல்லது, நேரில் பார்த்துப் பறித்திருக்கிறான். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் நாட்டு மருந்துக் கடையில் 'கருநொச்சி' என்று கேட்டு வாங்கியிருந்தால் சிக்கல் ஆரம்பித்திருக்கும். கருநொச்சி என்ற பெயரில் ஜஸ்டீசியா ஜெண்டருசா என்ற வேறு குடும்பத்துச் செடியும் புழங்குகிறது. சாதா நொச்சி விடெக்ஸ் நெகுண்டோ, நீர்நொச்சி விடெக்ஸ் டிரைஃபோலியா. தூளாக அரைத்துவிட்ட பிறகு எது எது என்று யார் சொல்வது? அதனால்தான் பூவோடு கூடிய ஒரு கிளையை அழுத்திக் காயவைத்து, தாளில் ஒட்டி, தாவரவியல் ஆட்களிடம் காட்டி எண் வாங்க வேண்டும் என்கிறார்கள். கோவையில் இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையின் தென்மண்டல உலர்தாவரகம் இருக்கிறது, ஏற்காட்டில் அதே துறையின் ஆர்க்கிட் தோட்டமும் இருக்கிறது. "கிளை எடுத்து வெச்சியா?" என்று கேட்டேன். தலையைச் சொறிந்தான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

அப்புறம் உலர்த்துவது. நம் ஊரில் வைத்தியர்கள் நிழலில் உலர்த்து என்றுதான் சொல்வார்கள், காரணம் கேட்டால் சத்து போய்விடும் என்பார்கள். வேதியியல் சொல்வதும் ஏறக்குறைய அதுதான். ஈரத்தோடு குவித்து வைத்தால் இலைக்குள் இருக்கும் நொதிகள் சும்மா இருக்காது, ஃபிளேவனாய்டோடு ஒட்டியிருக்கும் சர்க்கரையை வெட்டிவிடும், நீங்கள் கடைசியில் எடுப்பது செடியில் இருந்த பொருள் அல்ல, கோணிப்பைக்குள் உருவான பொருள். காற்றோட்டமான நிழலில் மெல்லிதாகப் பரப்பிச் சீக்கிரம் காயவைப்பது ஒரு ஆராய்ச்சி நடைமுறை என்றே சொல்லலாம்.

காய்ந்த தூளை முதலில் ஹெக்ஸேனில் அலசி மெழுகையும் கொழுப்பையும் பச்சையத்தில் கொஞ்சத்தையும் கழித்துவிட்டு, பிறகு மெத்தனாலில் ஊறவைத்து, வடித்து, குறைந்த அழுத்தத்தில் நாற்பது ஐம்பது டிகிரியில் மெத்தனாலை ஓட்டிவிட்டால், கரும்பச்சையாகத் தார் மாதிரி ஒன்று மிஞ்சும். அதைத் தண்ணீரில் கலக்கி, பிரிபுனலில் ஊற்றி, குளோரோஃபார்ம், எத்தில் அசிடேட், பியூட்டனால் என்ற கரைப்பான்களால் வரிசையாகக் குலுக்கிக் குலுக்கி எடுக்க வேண்டும். குலுக்கல் என்றதும் சுலபமாகத் தோன்றும். பாதி நாள் இரண்டு அடுக்கும் பிரியாமல் மோர் மாதிரி நின்றுகொண்டு உயிரை எடுக்கும், உப்புத் தண்ணீர் விட்டுப் பார்ப்போம், விட்டுவிட்டு டீ குடிக்கப் போவோம். இந்த வரிசைக்கு ஒரு கணக்கு உண்டு. மெத்தாக்சி நிறைய உள்ள, தண்ணீர் ஒட்டாத ஃபிளேவனாய்டுகள் குளோரோஃபார்முக்குப் போகும். ஹைட்ராக்சில் கூடியவை எத்தில் அசிடேட்டுக்கு. சர்க்கரை ஒட்டியவை எத்தில் அசிடேட்டிலும் பியூட்டனாலிலும் பிரிந்து நிற்கும். நொச்சியில் மூன்று அடுக்கிலும் ஆள் உண்டு.

இனிமேல்தான் பத்தி நிறப்பிரிகை, ஆய்வக மொழியில் 'காலம்' (column). 1900-களின் தொடக்கத்தில் மிகாயில் ஸ்வெட் என்ற ரஷ்யத் தாவரவியலாளர் சுண்ணாம்புத் தூள் நிரப்பிய குழாயில் இலைச் சாற்றை ஊற்றி நிறங்கள் தனித்தனி வளையமாக இறங்குவதைப் பார்த்தார், 1906-இல் அதற்குக் குரோமடோகிராஃபி என்று பெயரிட்டார். இன்றும் அடிப்படை அதேதான். கண்ணாடிக் குழாயில் சிலிக்கா ஜெல்லைக் கூழாக ஊற்றி, மேலே சாற்றை வைத்து, முதலில் ஹெக்ஸேன், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எத்தில் அசிடேட்டைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். குழாய் ஒரு தடவை வறண்டால் சிலிக்கா வெடித்துக்கொள்ளும், அன்றைய வேலை போச்சு. சொட்டுவதை இருபது இருபது மில்லியாகப் பிடித்து, ஒவ்வொன்றையும் மெல்லேட்டில் (சிலிக்கா பூசிய மெல்லிய தகடு) புள்ளி வைத்துப் பார்த்து, ஒரே மாதிரி ஓடுகிறவற்றை ஒன்று சேர்க்க வேண்டும். அடுத்தடுத்து ஹைட்ராக்சில் உள்ள ஃபிளேவனாய்டுகள் சிலிக்காவில் வால் நீட்டிக்கொண்டு இழுபடும், ஓட்டும் திரவத்தில் துளி ஃபார்மிக் அமிலம் சேர்த்தால் வால் சுருங்கும். சர்க்கரை ஒட்டியவற்றுக்குச் சிலிக்கா சரிப்படாது, செஃபாடெக்ஸ் எல்எச்-20 என்ற வேறு நிரப்புப் பொருள் வேண்டும், அதன் விலையைக் கேட்டால் நம் கல்லூரிகளில் பலருக்கு நெஞ்சு வலி வரும். இதனால்தான் பெரும்பாலான மாணவர்கள் குளோரோஃபார்ம் அடுக்கோடு நின்றுவிடுகிறார்கள் என்பது என் அனுமானம்.

மெல்லேட்டைப் புறஊதா விளக்கின் கீழே, 365 நானோமீட்டரில், பார்ப்பதற்கென்றே ஒரு சுகம் இருக்கிறது. வெறும் கண்ணுக்கு ஒன்றுமே இல்லாத இடத்தில் கரும்புள்ளி, அமோனியா ஆவி காட்டினால் அது மஞ்சளாக மாறும். போரினேட் வினைப்பொருளைத் தெளித்தால் குவர்செட்டின் வகை ஆரஞ்சாக, கெம்ஃபெரால் வகை பச்சை கலந்த மஞ்சளாக ஒளிரும். தீபாவளி மாதிரி இருக்கும்.

இங்கே ஒரு எச்சரிக்கை, என் சொந்தக் காசில் கற்றது. நான் படித்த காலத்தில் மூன்று மாதம் உழைத்து ஒரு நிறமற்ற எண்ணெய்ப் பொருளைச் 'சுத்தமாக'ப் பிரித்தேன், மெல்லேட்டில் ஒரே புள்ளி, நிறைமாலையில் (மூலக்கூறையும் அதன் துண்டுகளையும் எடைவாரியாகக் காட்டும் படம்) 149 என்ற இடத்தில் வானத்தைத் தொடும் உச்சி. புதுச் சேர்மம் என்று துள்ளிக் குதித்தேன். பக்கத்து மேசையில் இருந்த சீனியர் எட்டிப்பார்த்துச் சிரித்தார். அது தாலேட். பிளாஸ்டிக்கை வளைய வைக்கச் சேர்க்கிற பொருள், கரைப்பான் வந்த கேனிலிருந்தும் ரப்பர் குழாயிலிருந்தும் கசிந்து வந்து என் குடுவையில் குடியேறியிருந்தது. இதே தாலேட் இன்றும் எத்தனையோ கட்டுரைகளில் 'மூலிகையிலிருந்து கண்டறியப்பட்ட சேர்மம்' என்று மருத்துவக் குணத்தோடு வலம் வருவதைப் பார்க்கும்போது சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

அப்படி அது வலம் வரும் வழி பெரும்பாலும் ஜிசி-எம்எஸ், பொருளை ஆவியாக்கிப் பிரித்து ஒவ்வொன்றையும் எடை பார்க்கும் கருவி. இதைப் புரிந்துகொள்ள அம்மாவின் ஆவி பிடிக்கும் பானையே போதும். நொச்சித் தழையைக் கொதிக்கவைத்தால் மூக்கைத் துளைக்கும் அந்த வாசனை கேரியோஃபில்லின் போன்ற டெர்ப்பீன்கள், லேசானவை, ஆவியோடு பறப்பவை. ஃபிளேவனாய்டு பறக்காது. போர்வைக்குள் நீங்கள் மூச்சை இழுத்து இழுத்து விட்டாலும் அது பானைத் தண்ணீரிலேயேதான் கிடக்கும். ஜிசி கருவியும் இந்தப் பானை மாதிரிதான், ஆவியாகிறதை மட்டுமே பார்க்கும், என்ன, பானையைவிடப் பல மடங்கு சூடு. சர்க்கரை ஒட்டிய ஃபிளேவனாய்டை அதற்குள் செலுத்தினால் கருகும், வெளியே வராது. மெத்தாக்சி நிறைந்த சில மட்டும் உயர்ந்த சூட்டில் எப்படியோ தேறி வரும். வந்ததைக் கணினி தன் நூலகத்தோடு ஒப்பிட்டு எண்பது சதவீதம் ஒத்துப்போகிறது என்று ஒரு பெயர் சொல்லும், அந்தப் பெயரை அப்படியே அட்டவணையில் எழுதிவிடுகிறோம். எண்பது சதவீதம் ஒத்துப்போகும் முகத்தை வைத்து ஆளை அடையாளம் சொன்னால் போலீஸ்கூட ஒப்புக்கொள்ளாது.

இப்போது நிஜமான அடையாளம் காணும் வேலை. நொச்சி குளோரோஃபார்ம் அடுக்கிலிருந்து மஞ்சள் படிகம் ஒன்று கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ காய்ந்த இலையைக் கரைத்துக் குடித்துச் சில பத்து மில்லிகிராம் கையில் நின்றால் நல்ல நாள். நிறைமாலையில் மூலக்கூறு எடை 374 என்று வருகிறது, வாய்ப்பாடு பத்தொன்பது கார்பன், பதினெட்டு ஹைட்ரஜன், எட்டு ஆக்சிஜன். பழைய கட்டுரைகளைப் புரட்டினால் நொச்சி இனத்தில் 374 எடையுள்ள ஒரு பிரபலம் காஸ்டிசின். ஐரோப்பாவின் நொச்சியான விடெக்ஸ் ஆக்னஸ்-காஸ்டஸின் பெயரிலிருந்து வந்த பெயர். முடிந்ததா? இல்லை. கிரைசோஸ்ப்ளெனெடின் என்று இன்னொன்று இருக்கிறது, அதற்கும் அதே 374, அதே வாய்ப்பாடு, கடைசித் தசமம் வரை அதே எடை. இரண்டிலும் நான்கு மெத்தாக்சி, இரண்டு ஹைட்ராக்சில். ஒரே வித்தியாசம், பக்கத்து வளையத்தில் (ஓரமாகத் தனியே நிற்கும் ஆறு கார்பன் வளையம், அதற்குத் தனி எண் வரிசை) மூன்றாம் இடத்தில் ஹைட்ராக்சிலும் நான்காம் இடத்தில் மெத்தாக்சியும் இருந்தால் காஸ்டிசின், இரண்டும் இடம் மாறியிருந்தால் கிரைசோஸ்ப்ளெனெடின். ஒரே அம்மா வயிற்றுப் பிள்ளைகள் சட்டையை மாற்றிப் போட்டுக்கொண்ட மாதிரி.

எடை இவ்வளவுதான் சொல்லும். குவர்செட்டினுக்குச் சர்க்கரைகள் ஒட்டிய ரூட்டினுக்கும் ஆரஞ்சின் ஹெஸ்பெரிடினுக்கும் முழு எண்ணில் எடை 610தான், ஆனால் அங்கே வாய்ப்பாடு வேறு என்பதால் துல்லியமான கருவி 610.153 என்றும் 610.190 என்றும் பிரித்துக் காட்டிவிடும். ஒரே வாய்ப்பாடு கொண்ட லூட்டியோலின், கெம்ஃபெரால் ஜோடியிலோ, இந்த 374 ஜோடியிலோ எத்தனை தசமம் போனாலும் விடியாது.

அப்போது கைகொடுப்பது, பலர் பழசு என்று ஒதுக்கிவிட்ட புறஊதா நிறமாலை, அதாவது எந்த அலைநீள ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்ற படம். ஃபிளேவனாய்டுக்கு இரண்டு உச்சிகள் உண்டு, 240 முதல் 280 நானோமீட்டருக்குள் ஒன்று, 300 முதல் 380-க்குள் இன்னொன்று. குவர்செட்டினுக்கு மெத்தனாலில் 255, 370. இந்தக் கரைசலில் சோடியம் மெத்தாக்சைடு என்ற காரம் ஒரு சொட்டு விட்டால் உச்சிகள் நகரும். ஏன் நகர்கிறது என்பதற்கு நம் வீட்டு ஆரத்தித் தட்டு உதாரணம். மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பைக் கலந்தால் சிவக்கிறதே, மஞ்சளில் இருக்கும் குர்குமினின் ஹைட்ராக்சில் காரத்தில் தன் ஹைட்ரஜனை விட்டுவிடுவதால் நடப்பது அது. குர்குமின் ஃபிளேவனாய்டு இல்லை, ஆனால் விளையாட்டு ஒன்றே. ஃபிளேவனாய்டின் பக்கத்து வளையத்தில் நான்காம் இடத்து ஹைட்ராக்சில் சுதந்திரமாக இருந்தால், சொட்டு விட்டதும் நீண்ட அலைநீள உச்சி ஐம்பது அறுபது நானோமீட்டர் வரை நகரும், உயரமும் குறையாது. அந்த இடத்தை மெத்தாக்சி மூடியிருந்தால் உச்சியின் உயரம் சரிந்துவிடும். ஆக உயரம் குறைந்தால் காஸ்டிசின், நிமிர்ந்து நின்றால் கிரைசோஸ்ப்ளெனெடின். அலுமினியம் குளோரைடைச் சேர்த்து, பிறகு அமிலத்தையும் சேர்த்து, நகர்வு மாறாமல் அப்படியே இருந்தால் ஐந்தாம் இடத்தில் ஹைட்ராக்சில் இருக்கிறது என்றும், அமிலத்தில் பின்வாங்கினால் அடுத்தடுத்த ஹைட்ராக்சில்கள் இருக்கின்றன என்றும் சொல்லலாம். சில ரூபாய் செலவில், அரை மில்லிகிராமுக்கும் குறைவான பொருளை வைத்துக்கொண்டு இவ்வளவும் தெரிகிறது. இதைச் சொல்லித்தராமல் நேரே சாஃப்ட்வேருக்கு அழைத்துப் போவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கடைசி வார்த்தை என்எம்ஆரிடம், காந்தப்புலத்தில் வைத்து ஒவ்வொரு ஹைட்ரஜனும் எப்படிப்பட்ட இடத்தில் இருக்கிறது என்று காட்டும் கருவி. சேலத்திலிருந்து மாதிரியைச் சின்னக் குப்பியில் அடைத்து, சென்னை ஐஐடியின் கருவி மையம் போன்ற இடத்துக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். காஸ்டிசின் என்றால் படத்தின் அளவுகோலில் பன்னிரண்டுக்கு மேலே தனியாக ஒரு கோடு, அது கீட்டோனோடு கைகோத்து நிற்கும் ஐந்தாம் இடத்து ஹைட்ராக்சில். 3.8-க்கும் 4.0-க்கும் இடையில் நான்கு மெத்தாக்சிகள் நெருங்கி நிற்கும். பக்கத்து வளையத்தின் மூன்று ஹைட்ரஜன்கள், முதல் வளையத்தில் தனியாக நிற்கும் ஒரே ஹைட்ரஜன். ஆனால் இதுவும் அந்த இரட்டையர் சண்டையைத் தீர்க்காது, இரண்டுக்கும் படம் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருக்கும். நோசி என்ற இருபரிமாணப் படம் எடுத்து, பக்கத்து வளையத்து மெத்தாக்சி எந்த ஹைட்ரஜனுக்கு அருகில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஐந்தாம் இடத்து ஹைட்ரஜன் பக்கத்து ஆள் என்றால் காஸ்டிசின், இரண்டாம் இடத்து ஹைட்ரஜன் என்றால் மற்றது. சொட்டுச் சோதனையும் இதுவும் ஒரே பதிலைச் சொன்னால்தான் நான் பெயரை எழுதுவேன்.

இந்தக் கருவிகள் எதுவும் இல்லாத காலத்தில் எப்படிச் செய்தார்கள் என்று நினைத்தால் மலைப்பாக இருக்கும். காவிரிக் கரையில் குளித்தலையில் 1900-இல் பிறந்த டி. ஆர். சேஷாத்ரி, மான்செஸ்டரில் ராபர்ட் ராபின்சனிடம் ஆராய்ச்சி செய்துவிட்டு வந்து, முதலில் ஆந்திரப் பல்கலைக்கழகத்திலும் பிறகு டெல்லியிலும் இந்த ஃபிளேவனாய்டுகளையே வாழ்நாள் வேலையாக வைத்துக்கொண்டவர், 1960-இல் ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனவர். பருத்திப் பூவின் மஞ்சள் நிறமிகள் பலவற்றைப் பிரித்து அமைப்பைச் சொன்ன குழு அவருடையது. அன்றைக்கு அமைப்பைக் கண்டுபிடிக்க மூலக்கூறைக் காரத்தில் போட்டு உடைத்து, உடைந்த துண்டுகள் எவை என்று பார்த்து, பிறகு அதே பொருளை ஆய்வகத்தில் புதிதாகக் கட்டி, இரண்டையும் கலந்து உருகுநிலை மாறாமல் இருக்கிறதா என்று சரிபார்ப்பார்கள். மில்லிகிராம் போதாது, கிராம் கணக்கில் வேண்டும். எவ்வளவு பூ பறித்திருப்பார்கள்!

நொச்சியில் சர்க்கரை ஒட்டிய பக்கம் இன்னும் வம்பு. விடெக்ஸின் என்ற பெயரே நொச்சி இனத்தின் பெயர்தான், 1898-இல் பெர்கின் என்பவர் நியூசிலாந்தின் பூரிரி மரத்திலிருந்து எடுத்தார், அதுவும் ஒரு விடெக்ஸ். இதில் சர்க்கரை ஆக்சிஜன் வழியாக ஒட்டாமல் கார்பனோடு நேரடியாக ஒட்டியிருக்கும். சாதாரண ஒட்டல் என்றால் அமிலத்தில் கொதிக்கவைத்தால் சர்க்கரை கழன்றுவிடும், நிறைமாலையில் 162 குறையும். இது கழலாது, 90, 120 என்று துண்டு துண்டாகத்தான் உடையும். அமிலத்தில் போட்டுக் கொதிக்கவைத்தால் இன்னும் மோசம், விடெக்ஸின் ஐசோவிடெக்ஸினாக உருமாறி, இரண்டும் கலந்து நிற்கும். இரண்டையும் கண்டுபிடித்தேன் என்று எழுதுகிறவர், செடியில் இரண்டும் இருந்ததா, தன் அடுப்பில் ஒன்று பிறந்ததா என்று முதலில் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

இவ்வளவும் செய்து பெயர் கிடைத்தால் மருந்து கிடைத்ததா என்று அம்மா கேட்டார். இல்லை. சோதனைக் குழாயில் ஆக்சிஜனேற்றத் தடுப்புத் திறனைப் பார்க்க உதவும் ஊதா நிற டிபிபிஎச் கரைசலை வெளுக்கச் செய்வது ஏறக்குறைய எல்லா ஃபிளேவனாய்டும் செய்கிற வேலை, டீத்தூளும் செய்யும். உடம்புக்குள் போனால் குடலும் கல்லீரலும் அதை உருமாற்றிவிடும், ரத்தத்தில் சுற்றுவது பெரும்பாலும் வேறு வடிவம். பெயர் தெரிந்தால் அந்தக் கேள்வியைக் கேட்கவாவது ஆரம்பிக்கலாம், 'நொச்சிச் சாறு' என்ற பெயர் தெரியாத கலவையை வைத்துக்கொண்டு அதைக்கூடக் கேட்க முடியாது.

அக்கா மகன் உட்கார்ந்து நான்கு மாதம் வேலை பார்த்தான். காலம் குழாயை இரண்டு முறை வறளவிட்டு, மூன்றாம் முறை பதினோரு மில்லிகிராம் மஞ்சள் ஊசிப் படிகம் எடுத்தான். நிறைமாலையில் 374. சோடியம் மெத்தாக்சைடு சொட்டியதும் உச்சி சரிந்தது, எனக்கு போன் செய்து கத்தினான். நோசி படம் இன்னும் வரவில்லை. அதற்குள் அவன் வழிகாட்டி கேட்டுவிட்டார், உலர்தாவர எண் எங்கே என்று. இலை பறித்த புதரைத் தேடி ஆற்றங்கரைக்கு ஓடினான், கரையைச் சுத்தம் செய்கிறோம் என்று யாரோ அடியோடு வெட்டிப் போட்டிருந்தார்கள். நல்லவேளை, நொச்சி வெட்டினாலும் தழைக்கும். அடிமரத்தில் தளிர் விட்டிருக்கிறது, அந்த ஊதாப் பூங்கொத்து மட்டும் இன்னும் வரவில்லை. பூ இல்லாத கிளையை வாங்கிக்கொள்ள மாட்டேன் என்று தாவரவியல் ஆசிரியர் சொல்லிவிட்டதால், வாரத்துக்கு ஒரு தடவை வண்டியை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வருகிறான்.